கம்போங் செட்டி ஓடைக்கு வராத மானியம்

கையில் இல்லாததைத் தருகிறேன் என்று சொல்லியே சம்பளம் வாங்குகிற வேலைகள் உலகத்தில் சில உண்டு. ஆற்றுக்கு மானியம் கொடுக்கும் ஆபீஸில் கிராணி என்கிற குமாஸ்தா உத்தியோகம் அதில் ஒன்று.

மலாக்காவில் நான் அந்த உத்தியோகம் பார்த்தது மெர்டேக்காவுக்கு, அதுதான் சுதந்திரத்துக்கு, கொஞ்சம் முன்னாலும் கொஞ்சம் பின்னாலும். ஆறு தூர்ந்துபோனால், ஓடை அடைத்துக்கொண்டால், கடலோரத்துச் சேற்றுக்காடு அழிந்துபோனால் ஊர்க்காரர்கள் எங்களுக்கு மனுப் போடலாம். அதிகாரி வந்து பார்ப்பார். தகுதி இருந்தால் செலவில் பாதி சர்க்கார் தரும், மீதிப் பாதிக்கு ஊர்க்காரர்கள் உடம்பால் உழைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சேர்ந்த புதிதில் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து "அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிச் சொல்லியே வாய் கோணிப்போன என் சகபாடிகளே, மேற்கொண்டு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்கிறேன். இத்தனை வருஷமாக இந்த வெட்கத்தை நான் ஒருத்தனே சுமந்துகொண்டு திரிகிறேன், நீங்களும் ஒரு கை பிடியுங்கள்.

அலமாரி

ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வைத்திருந்தார் பஷீர் ராவுத்தர். ஒருநாள் காலையில் கவுண்டருக்கு வந்து, "தம்பி, ஆத்துக்கெல்லாம் சர்க்கார் காசு குடுக்குதாமே, நெசமா?" என்று கேட்டார். வந்தவர் மனுப் போட வரவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நானும் சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கென்று வாய் துறுதுறுத்தது. மனு எப்படிப் போடுவது, யார் பார்ப்பது, யார் கையெழுத்து, பிறகு எங்கே போகும், அங்கிருந்து எங்கே வரும் என்று எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, பின்னால் இருந்த அலமாரியையும் திறந்து காட்டினேன். அடுக்கடுக்காக மனுக்கள். ராவுத்தர் "மாஷா அல்லா" என்று மெச்சினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

"சரி தம்பி, இதுவரைக்கும் எந்த ஆத்துக்குக் குடுத்திருக்கீங்க?" என்றார். நான் மேலே பார்த்தேன், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் அவசரமாக எழுந்து தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். "இனிமேல்தான்..." என்று இழுத்தேன். ராவுத்தர் கோபப்படவில்லை. குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "என் கடையில சட்டைத் துணி கேட்டு வர்றவனுக்கு நான் அலமாரியை மட்டும் காட்டி அனுப்பினா, மறுநாள் கடை தொறக்க முடியுமா தம்பி?"

வேலி

ராவுத்தர் வாய் முகூர்த்தமோ என்னவோ, அடுத்து ஒரு மானியம் உண்மையாகவே வந்தது. கிளேபாங் பக்கம் கடலோரத்தில், சேற்றில் கால் பரப்பி நிற்குமே பாக்காவ் மரம், அதை விறகுக்கும் கரிக்கும் வெட்டி வெட்டிக் கரையே மொட்டையாகிக் கிடந்தது. கடல் உள்ளே வர ஆரம்பித்துவிட்டது. மறுபடி கன்று நடுவதற்கு மானியம். கன்றும் நட்டாயிற்று. மறுவாரம் போய்ப் பார்த்தால் ஊர் ஆடுகள் வரிசையாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. உடனே வேலி போட வேண்டும் என்று ஆபீஸில் முடிவாகி, குத்தகைக்காரர் சின்னையாவிடம் வேலை போனது. அவர் போட்டதும் சாதாரண வேலியா! யானை முட்டினாலும் அசையாது. கம்புகள் ஒவ்வொன்றும் கைபோல உருண்டு திரண்டு நின்றன.

நான் போய் ஒரு கம்பைத் தொட்டுப் பார்த்தேன். பாக்காவ் மரம். மலாக்காவில் கம்பு என்றால் வேறு எதைப் போடுவான்? உப்புத் தண்ணீரில் நின்றாலும் லேசில் உளுக்காத மரம் அதுதான். எங்கே வெட்டியது என்று கேட்டேன். அடுத்த ஆற்று முகத்துவாரத்தில், அங்கேதான் நல்ல காடாக இருந்ததாம். வேலியே பயிரை மேய்ந்தது என்று சின்ன வயதில் வாத்தியாரிடம் குட்டு வாங்கி மனப்பாடம் செய்தேன். என் ஆபீஸ் அதைக் கட்டியே காட்டும் என்று அப்போது யார் கண்டார்கள். எனக்கு அந்த இடத்திலேயே சேற்றுக்குள் போய்விடலாம் போல இருந்தது. சின்னையா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொன்னார்: "ஏன் கிராணி மூஞ்சியைச் சுளிக்கிறீங்க? வெட்டின எடத்துல கன்னு நட அடுத்த வருசம் மானியம் கேளுங்க, அதுக்கும் வேலிக்கு நானே மரம் தர்றேன்லா."

விருந்தாளி வருகிறார்

இனிமேல் சொல்லப்போவது எங்கள் தெருக்கதை. காஜா பெராங்கில், கம்போங் செட்டியை ஒட்டி நான் வாடகைக்குக் குடியிருந்தேன். செட்டிகள் நம்மைப் போல ரப்பர் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அல்ல. எத்தனையோ தலைமுறைக்கு முன்னே வியாபாரத்துக்கு வந்து மலாக்காவிலேயே ஊன்றிவிட்டவர்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய். தமிழில் மிஞ்சியது சில சொற்கள்தான், அதில் 'மாமி' ஒன்று. என் பக்கத்து வீட்டுக்காரர் தெய்வானை மாமி. இங்கே அவர் பேசுவதாக நான் எழுதுவதெல்லாம் மலாயில் பேசியது, என் காதில் தமிழாக விழுந்தது. மாமி வீட்டுக்குப் பின்னால் ஓடை. பொங்கலுக்கு முதல் நாள் போகியன்று, செத்துப்போன முன்னோர்களை வீட்டுக்கு அழைத்து, கூடத்துத் தரையில் வாழை இலை போட்டுப் படைப்பார்கள். அதற்குப் பர்ச்சு என்று பெயர். மெர்டேக்கா வந்த அந்த வருஷத் தொடக்கத்தில் பர்ச்சு அன்று நல்ல மழை, கடலிலும் ஏற்றம். தூர்ந்துபோன ஓடை தண்ணீரைத் திருப்பி வீட்டுக்குள் அனுப்பிவிட்டது. மாமியின் தாய் தகப்பனுக்குப் போட்ட இலை, சோறு கறியோடு மிதந்து வாசற்படி வரை வந்துவிட்டது. மாமி அழுததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். "வான்னு கூப்பிட்டு, சாப்பிட உட்காரவச்சு, இலையை இழுத்த மாதிரி ஆயிடுச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் எதுக்கு இருக்கேன் மாமி? அடுத்த பர்ச்சுக்குள்ள ஓடை சரியாயிடும்" என்றேன். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, உள்ளே சாமியறைப் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மனுவை நானே எழுதினேன். எங்கள் வெள்ளைக்காரத் துரை பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், "துரை வர்றாரு, எல்லாரும் தயாரா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தயாராக இருந்தார்கள்! துரையோடு போய் இறங்கினால் எனக்கே தெரு அடையாளம் தெரியவில்லை. ஆகாயத்தாமரையை ஒரு செடி விடாமல் பிடுங்கியிருந்தார்கள். தேங்காய் மட்டை, தகரடப்பா, ஒன்று இல்லை. கரை இரண்டையும் பெருக்கித் தண்ணீர் தெளித்து, மரப்பாலத்துக்கு மாவிலைத் தோரணம் கட்டி, துரைக்கு நாற்காலி போட்டு, வெள்ளைத்துணி விரித்து, கண்ணாடித் தம்ளரில் ரோஸ் சிராப் வைத்திருந்தார்கள். கடல் ஏறுகிற நேரம் வேறு. அடியில் இடுப்பளவு வண்டல் கிடப்பது யாருக்குத் தெரியும்? மேலே தண்ணீர் பளபளவென்று நிற்கிறது.

துரை சிராப்பைக் குடித்தார். அழகான ஓடை, இதற்கு எதற்கு மானியம், இந்த ஊரைப் பார்த்து மற்ற ஊர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். நான் வண்டலைப் பற்றி வாய் திறப்பதற்குள் வண்டியில் ஏறிவிட்டார். மாமிக்கு நான் விஷயத்தைச் சொன்னபோது அவர் துரையைத் திட்டவில்லை, என்னையும் திட்டவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்: "வீட்டுக்கு ஆள் வர்றாங்கன்னு தெரிஞ்சும் கூட்டிப் பெருக்காம இருக்கிற குடும்பமா கிராணி நாங்க?"

பலகாரத் தட்டு

மனு தள்ளுபடியான பிறகும் மாமி வீட்டுப் பலகாரத் தட்டு எங்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. திட்டினால் திருப்பித் திட்டலாம். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் விட்டுச் செய்த கூயே பலகாரத்தைத் தட்டில் அடுக்கி, மேலே வாழை இலை மூடி அனுப்புகிறவரை என்ன செய்வது? ஆபீஸிலிருந்து வரும்போது மாமி வாசலில் நின்றால் நான் சைக்கிளை விட்டு இறங்கி, சங்கிலி கழன்றுவிட்ட மாதிரி குனிந்துகொண்டே தள்ளிக்கொண்டு போவேன். அந்தச் சங்கிலி அந்த வருஷம் கழன்ற மாதிரி எந்த வருஷமும் கழன்றதில்லை. ஒருநாள் மாமி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "பாவம், இதைப் போட்டுப் பாரு" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

என் மனைவி பாக்கியம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நான் கூயேயைத் தொடாமல் தள்ளிவைத்த அன்று, காலித் தட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டே அவள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "வெறும் தட்டைத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு நான் சக்கரை போட்டு அனுப்புறேன், உங்க ஆபீஸ் என்னத்தைப் போட்டு அனுப்பும்னு மாமி கேட்டா நான் என்னங்க சொல்றது?"

கூட்டாதீர்கள்

மெர்டேக்கா வந்தது. துரை கப்பலேறினார். புது அதிகாரியாக நம் நாட்டுக்காரர், இளவயது, கோலாலம்பூரிலிருந்து வந்தார். இனி துரை இல்லை, துவான்; மலாயில் ஐயா என்று அர்த்தம். எனக்குப் புது ரத்தம் பாய்ந்தது. கம்போங் செட்டி மனுவைத் தூசி தட்டி மறுபடி மேலே வைத்தேன். இந்தத் தடவை விட்டேனா? முன்கூட்டியே மாமியிடம் போய், "ஓடையைத் தொடவே தொடாதீங்க. குப்பை கிடந்தா கிடக்கட்டும். துவான் கண்ணால பார்க்கணும்" என்று கண்டித்துச் சொல்லிவிட்டேன். மாமிக்கு மனசே இல்லை. "ஊர் சிரிக்குமே" என்றார். அடுத்த பர்ச்சுக்கு இலை மிதக்காமல் இருக்க வேண்டுமா இல்லையா என்று நான் கேட்டதும்தான் சம்மதித்தார்.

துவான் வருவதற்குள் ஓடை ஓடையாக இல்லை. ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. செத்த கோழி ஒன்று பாலத்தடியில் சிக்கிக்கொண்டு ஊரையே நாறடித்தது. செமாபோக்கிலிருந்து வந்த மாமியின் சம்பந்தி வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார்கள். துவான் வந்தார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பாலத்து மேலேயே நின்று பேசினார். நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, இனிமேலும் சர்க்காரே வந்து சுத்தம் செய்யும் என்று உட்கார்ந்திருக்கலாமா, தன் வீட்டுக் கொல்லையையே கவனிக்காதவர்களுக்கு மானியம் கொடுத்தால் அது மறு மாசமே குப்பைக்குத்தான் போகும், முதலில் நீங்கள் அக்கறை காட்டுங்கள் என்றார். துரை பேசியது இங்கிலீஷ், பூசி மெழுகிச் சொல்ல எனக்கு இடம் இருந்தது. துவான் பேசியது மலாய். மாமிக்கு ஒரு சொல் பாக்கியில்லாமல் புரிந்துவிட்டது.

நாளெல்லாம் வாசல் கூட்டுகிற பெண்மணி, என் பேச்சைக் கேட்டதற்காக, அழுக்குக்காரி என்ற பெயரை வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். துவானுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். வண்டி போன பிறகு மாமி என்னைப் பார்த்துச் சொன்னார்: "கிராணி, முதல் தடவை கூட்டினது தப்பு, இந்தத் தடவை கூட்டாதது தப்பு. மூணாந்தடவை வரும்போது நாங்க உயிரோட இருக்கலாமா வேணாமான்னு அதையும் கேட்டுச் சொல்லிடு."

மண்வெட்டி

மாமியின் தம்பி முருகேசு துறைமுகத்தில் வேலை செய்தவர், அதிகம் பேசமாட்டார். பர்ச்சு நெருங்கியது, மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மண்வெட்டியோடு ஓடைக்குள் இறங்கினார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சிறிது நேரத்தில் கம்போங் செட்டி ஆண்கள் எல்லாரும் உள்ளே நின்றார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு போன செமாபோக்குச் சம்பந்தியும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்கியம் எங்கள் வீட்டு மண்வெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். 'வண்டல்' என்ற சொல்லை அதுவரை எத்தனை மனுவில் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அது இவ்வளவு கனக்கும், இவ்வளவு நாறும் என்று இறங்கிய பிறகுதான் தெரிந்தது. உள்ளங்கை கொப்புளித்து ஆபீஸில் பேனா பிடிக்க முடியவில்லை. அதைவிட, கரையிலிருந்து மாமி எல்லாருக்கும் கொடுத்தது போலவே எனக்கும் ஒரு குவளைக் காப்பி கொடுத்தார். அதைக் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் குடித்தேன்.

ஞாயிறு ஞாயிறாக வெட்டி முடித்தார்கள். நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, முடித்த கையோடு கல் வந்து சேர்ந்தது. நான் சும்மா இருக்க மாட்டாமல் மேலிடத்துக்கு எழுதிய மறுமனு பலித்துவிட்டதாம், மானியம் அனுமதியாகிவிட்டது. வேலையைத் தொடங்கிவைக்க துவானே வந்தார். பார்த்தால் ஓடை கலகலவென்று ஓடுகிறது. முடிந்த வேலைக்கு மானியம் தர சட்டத்தில் இடமில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான், பாவம். முருகேசு கரையில் குவிந்திருந்த மண்ணைப் பார்த்தார், துவானைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மண்ணை மறுபடி உள்ள தள்ளிரவா கிராணி? ஒரு நாள் வேலைதான்."

மாமி சொன்ன பொய்

பர்ச்சு அன்று காலையிலிருந்தே மழை. கடலும் ஏற்றம், போன வருஷத்தைப் போலவேதான். மாமி கூடத்தில் இலைகளைப் போட்டு, சோறு, மீன், கோழி, முன்னோர்களுக்குப் பிடித்த பலகாரம் என்று எல்லாம் படைத்து, சாம்பிராணி காட்டி, அவர்கள் வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். நாங்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் ஒடுங்கி நின்றோம். பின்னால் ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் ஏறியது, ஏறியது, கரை வரைக்கும் வந்தது. பிறகு அது தன் வழியே ஆற்றுப் பக்கம் போய்விட்டது. முருகேசு மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கதவைத் திறந்தபோது தரை காய்ந்த தரையாகவே இருந்தது, இலைகள் போட்ட இடத்திலேயே கிடந்தன.

மாமி உள்ளே போய், தாய் தகப்பன் இலைகளுக்கு முன்னால் கைகூப்பி உட்கார்ந்து நெடுநேரம் பேசினார். மழைச் சத்தத்தில் எனக்கு எல்லாம் கேட்கவில்லை. என் ஆபீஸ் பெயரும் 'கிராணி' என்ற சொல்லும் மட்டும் நன்றாகக் கேட்டன. சரி, போட்டுக்கொடுக்கிறார், செத்தவர்கள் சபையிலும் நம் மானம் கப்பலேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நியாயம்தானே? பந்தி போட்டபோது மாமி என்னை முதல் வரிசையில் உட்காரவைத்து நல்ல மீன் துண்டாகப் பார்த்துப் போட்டார். எனக்குத் தாங்கவில்லை. "மாமி, அவங்ககிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க? திட்டினீங்களா?" என்று கேட்டேவிட்டேன். மாமி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் இலை மிதந்தப்போ, பக்கத்து வீட்டுக் கிராணி சரி பண்ணித் தர்றேன்னு சொல்லியிருக்கான், கோவிச்சுக்காம அடுத்த வருஷமும் வாங்கன்னு உன் வாக்கை நம்பித்தான் அவங்களைக் கூப்பிட்டேன், இப்ப போய் நீ செய்யலைன்னு எப்படிச் சொல்றது, உன் ஆபீஸ்தான் காசு குடுத்து ஓடையை வெட்டுச்சுன்னு சொல்லிட்டேன், பேசாம சாப்பிடு."

ஆகவே சகபாடிகளே, எங்கள் ஆபீஸ் மானியம் கொடுத்துச் சீராக்கிய ஓடை ஒன்றாவது உண்டா என்று யாராவது உங்களைக் கேட்டால், உண்டு என்று தைரியமாகச் சொல்லுங்கள்; சாட்சி வேண்டுமென்றால் கம்போங் செட்டியில் செத்தவர்களை மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.